ஆண்டிக்ஸ் ரோட்ஷோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பரணில் கிடக்கும் ஒரு பழைய பொருளை எடுத்துக்கொண்டு போய், விவரம் தெரிந்தவரிடம் நீட்டி, இது என்ன, எந்தக் காலத்தது, என்ன விலை பெறும் என்று கேட்பது. ஆண்டிக்ஸ் ரோட்ஷோ என்பது இவ்வளவுதான். பிரிட்டனில் பிபிசி இதை 1979-இல் ஒளிபரப்பத் தொடங்கியது, இன்னும் நிறுத்தவில்லை. அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ஜிபிஎச் என்ற பொதுத் தொலைக்காட்சி நிலையம் தயாரிக்க, பிபிஎஸ்-இல் 1997 முதல் வருகிறது. இரண்டு நாடுகளிலும் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சோபாவில் சாய்ந்தபடி பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கே நேரில் போகலாம், அதுவும் ஒரு காசு செலவில்லாமல் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் பேசப்போவது பெரும்பாலும் அமெரிக்க நிகழ்ச்சியைப் பற்றி. பிரிட்டிஷ் நிகழ்ச்சியை ஆங்காங்கே தொட்டுக்கொள்கிறேன்.

கிளம்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டிவியில் நீங்கள் பார்ப்பது வடிகட்டியது. ஓர் ஊரில் ஒருநாள் முகாம் போட்டால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். அந்த ஒரு நாளிலிருந்து கிடைப்பது மூன்று எபிசோடுகள். மீதிப் பேர் எல்லாரும் தங்கள் பொருளைக் காட்டி, இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டு, அமைதியாக வீட்டுக்குப் போனவர்கள்தான். நீங்களும் அநேகமாக அவர்களில் ஒருவராகத்தான் இருப்பீர்கள். லாட்டரி அடிக்கும் என்று போனால் முகம் தொங்கிவிடும். ஒரு பொருளை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ளப் போனால், இந்த அளவுக்கு இலவச வகுப்பு வேறெங்கும் நடப்பதாகத் தெரியவில்லை.

டிக்கெட்

ஒவ்வோர் ஆண்டும் எந்தெந்த ஊர்களுக்கு வரப்போகிறார்கள் என்று நிகழ்ச்சியின் இணையதளத்தில் அறிவிப்பார்கள். முன்பெல்லாம் பெரிய மாநாட்டு அரங்குகளில் நடத்தினார்கள். 2018 முதல் பழைய மாளிகைகள், தோட்டங்கள், அருங்காட்சியக வளாகங்கள் என்று மாறிவிட்டது. இணையத்திலேயே விண்ணப்பித்தால், பிறகு குலுக்கல். விழுந்தால் ஜோடி டிக்கெட் வரும். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பொருள், ஆக இரண்டு பேருக்கு நான்கு. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கும், அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பதில் லாபம் எதுவும் இல்லை.

இந்த டிக்கெட்டை அவர்கள் விற்பதே இல்லை. யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று என்று ஒதுக்கிவிடுங்கள். பிபிசி நிகழ்ச்சியும் இலவசம்தான். கோடையில் பெரிய மாளிகைகளின் புல்வெளியில் குடை விரித்து நடத்துவார்கள். பதிவு முறை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவர்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எதை எடுத்துப்போவது

பெரும்பாலானோர் சறுக்குகிற இடம் இது. வீட்டில் இருப்பதிலேயே விலை உயர்ந்தது எது என்று யோசித்து அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். என்னைக் கேட்டால், எதைப் பற்றி உங்களுக்கு அதிகக் குழப்பம் இருக்கிறதோ அதை எடுங்கள். கடையில் பில்லோடு வாங்கிய நகைக்கு நிபுணர் எதற்கு?

மேசைகளில் அலுக்க அலுக்க வந்துகொண்டே இருக்கும் சாமான்கள் சில உண்டு. உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் (புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின் கைவினைஞர்) என்று சீட்டு ஒட்டிய வயலின் அதில் முதன்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்பும் ஜெர்மனி போன்ற இடங்களில் இந்தச் சீட்டோடு ஏராளமான வயலின்கள் தயாராகி விற்றன. ஏமாற்றுவதற்காக ஒட்டியதுகூட இல்லை, இன்ன மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று சொல்வதற்காக ஒட்டியது. அப்புறம் குடும்ப பைபிள், பெரிய சம்பவம் நடந்த நாளின் செய்தித்தாள் (பாதிக்கு மேல் பின்னால் அச்சடித்த நகல்கள்), சிங்கர் தையல் மிஷின், "லிமிடெட் எடிஷன்" என்று விற்ற அலங்காரத் தட்டுகள். பழையது என்பதற்காக ஒன்று அரியதாகிவிடாது. லட்சக்கணக்கில் செய்து, லட்சக்கணக்கானோர் பத்திரமாக வைத்திருந்தால் விலை எங்கிருந்து வரும்?

நாணயம், ரூபாய்நோட்டு, தபால்தலை, வாகனம் போன்றவற்றை அமெரிக்க நிகழ்ச்சியில் பார்ப்பதில்லை. முழுப் பட்டியல் இணையதளத்தில் இருக்கிறது, படித்துவிட்டுக் கிளம்புங்கள். பெரிய பீரோ, மேசை வகையறாக்களுக்குத் தனி வழி உண்டு: முன்கூட்டியே படம் எடுத்து அனுப்ப வேண்டும், அவர்களுக்குப் பிடித்தால் கொண்டுவர ஏற்பாடு செய்வார்கள். மற்றபடி, நாள் முழுக்கக் கையில் வைத்திருக்க முடிகிற எடை எதுவோ அதுதான் உங்கள் வரம்பு. குழந்தைகளை வைத்து இழுக்கும் சின்னச் சக்கர வண்டியில் சாமான்களை ஏற்றி இழுத்து வருகிறவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

யானைத் தந்தம், கழுகு இறகு போன்றவற்றில் சட்டச் சிக்கல் உண்டு. பிரிட்டனில் தந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2018-இல் நிறைவேறி 2022-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைத் தாண்டியும் ஒரு கோடு இருக்கிறது. 2024-இல் பிபிசி நிகழ்ச்சிக்கு ஒரு பெண் யானைத் தந்தத்தில் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆப்பிரிக்க அடிமை வணிகத்தோடு தொடர்புடையது. நிபுணர் ரோனி ஆர்ச்சர்-மோர்கன் அதன் வரலாற்றை விரிவாகச் சொன்னார், விலை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அந்தப் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது, விலை ஒன்றுதான் மிச்சம்.

ஊரிலிருந்து வந்த வெண்கலச் சிலை

நம் வீடுகளுக்கே உரிய விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தாத்தா காலத்து நடராஜர், பூஜையறையில் இருந்த அம்மன் என்று கொண்டுபோக நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் 1972-இல் வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள் கணக்கில் வரும். ஏட்டுச்சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். தனியார் அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே உங்கள் சிலை உண்மையிலேயே பழையது என்று நிபுணர் சொன்னால், அடுத்த கேள்வி அது எப்போது, எப்படி இந்தியாவை விட்டு வந்தது என்பதாகத்தான் இருக்கும். கேமரா முன்னால் அந்தக் கேள்விக்குத் திருதிருவென்று விழிப்பது நன்றாக இருக்காது.

அருங்காட்சியகங்களே இதில் மாட்டியிருக்கின்றன. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, 2014-இல் இந்தியாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. எங்கிருந்து வந்தது என்று சொல்லும் காகிதங்களைச் சரியாகப் பார்க்காததன் விலை அது.

சரி, பயப்பட வேண்டாம். வெளிநாட்டில் நம் வீடுகளில் இருப்பதில் பெரும்பகுதி கடந்த சில பத்தாண்டுகளில் வாங்கியதுதான். சுவாமிமலையில் இன்றும் மெழுகு அச்சு முறையில்தான் வார்க்கிறார்கள், பழைய நிறம் ஏற்றியும் விற்கிறார்கள். அதனால் வார்ப்பு முறையையும் நிறத்தையும் மட்டும் வைத்துப் பழையது என்று முடிவுகட்டிவிட முடியாது. புதிய சிலை வாங்கி எடுத்து வருகிறவர்கள், இது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழைக் கையோடு வாங்கி வைத்துக்கொண்டால் விமான நிலையத்திலும் பின்னால் எங்கும் தொல்லை இருக்காது.

துடைக்காதீர்கள்

போகும் முந்தைய நாள் எல்லாருக்கும் ஒரு கை அரிக்கும். வெள்ளியைப் பளபளவென்று தேய்க்கலாமா, மேசைக்கு வார்னிஷ் அடிக்கலாமா, பித்தளையைப் புளி போட்டு விளக்கலாமா என்று. செய்யாதீர்கள். மரத்திலும் உலோகத்திலும் காலம் ஏற்றிய மேற்பூச்சுக்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். அதைச் சுரண்டிவிட்டால் திரும்ப வராது. தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். படத்தின் சட்டத்தைக் கழற்றாதீர்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் பழைய கடைச்சீட்டு சில நேரம் படத்தைவிட அதிகம் பேசும். கட்டும்போது செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். பழைய துண்டு நல்லது.

1997-இல் நியூஜெர்சியில் நடந்த முகாமுக்கு ஒரு ஆசிரியை சின்ன மேசை ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்தில் 25 டாலருக்கு வாங்கியது. கீழே கிழிந்தும் கிழியாமலும் ஒரு சீட்டு: பாஸ்டன் தச்சர் ஜான் சீமோர் அண்ட் சன். லீ கீனோ, லெஸ்லி கீனோ என்ற நிபுணர்களான இரட்டைச் சகோதரர்கள் பார்த்து இரண்டு லட்சம் டாலருக்குக் குறையாது என்றார்கள். அடுத்த ஜனவரியில் சதபீஸ் ஏலத்தில் அது போனது 5,41,500 டாலருக்கு. அந்தச் சீட்டு அழுக்கு என்று யாராவது எப்போதோ சுரண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கதையை எழுதிக்கொண்டு போங்கள்

பொருளோடு ஒரு தாளும் போகட்டும். யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் யார் கையில் இருந்தது. இதில் நேரில் தெரிந்ததையும் காதில் விழுந்ததையும் பிரித்து எழுதுங்கள். ரசீது, கடிதம், பழைய போட்டோவில் அந்தப் பொருள் பின்னால் தெரிவது என்று எது இருந்தாலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதைக்கும் ஆதாரத்துக்கும் உள்ள இடைவெளியை 2001-இல் டூசான் நகரில் வந்த ஒரு போர்வை நன்றாகக் காட்டுகிறது. அது நாற்காலி முதுகில் கிடந்த கம்பளிப் போர்வை. நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நெய்த மிக அரிய வகை என்று நிபுணர் டொனால்ட் எல்லிஸ் கண்டுகொண்டு, மூன்றரை முதல் ஐந்து லட்சம் டாலர் என்றார். கொண்டுவந்த பெரியவருக்கு மூச்சு நின்றுவிட்டது. அமெரிக்க மேற்குப் பகுதியில் வழிகாட்டியாகப் புகழ்பெற்ற கிட் கார்சன் கொடுத்தது என்று அந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை நிரூபிக்க முடிந்தால் மதிப்பு இன்னும் ஏறும் என்றார் எல்லிஸ். நிரூபிக்கத் தாள் இல்லை. ஆகவே அவர் சொன்ன விலை போர்வைக்கு மட்டுமே, கதைக்கு அதில் ஒரு டாலரும் இல்லை.

அன்றைய நாள்

வசதியான செருப்பு, தண்ணீர், தொப்பி. நிற்பதுதான் அங்கே முக்கிய வேலை. முதலில் பொதுவாகப் பிரித்து அனுப்பும் மேசைக்குப் போவீர்கள். அங்கிருப்பவர் பொருளை ஒரு பார்வை பார்த்து, இது மண்பாண்டம், இது ஓவியம், இது பொம்மை என்று வகைச்சீட்டு கொடுப்பார். அந்த வகையின் வரிசையில் போய் நிற்க வேண்டும். இரண்டு பொருளும் இரண்டு வகை என்றால் இரண்டு வரிசை. கூட்டம் அதிகம் உள்ள வரிசையை முதலில் முடித்துவிடுங்கள்.

வரிசையில் நிற்கும் நேரத்தைப் போனில் கழிக்காதீர்கள். முன்னால் நிற்பவரின் பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார். அது என்ன காலம், என்ன விலை என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் நிபுணர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பொருளைப் பற்றிக் கிடைக்கும் சில நிமிடங்களைவிட மற்றவர்களுடையதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அதிகம்.

அந்த நிபுணர்கள் ஏலக்கூடங்களிலும் சொந்தக் கடைகளிலும் வேலை செய்கிறவர்கள். சம்பளம் வாங்காமல், தங்கள் சொந்தச் செலவில் வருகிறார்கள். டிவியில் முகம் தெரிவது அவர்களுக்கு விளம்பரம், அதில் தவறில்லை. ஆனால் அங்கே வைத்து உங்கள் பொருளுக்கு விலை பேசக் கூடாது என்பது விதி.

மேசையில் கையைப் பாருங்கள்

பழகியவர் ஒரு பொருளை வாங்கியதும் முதலில் என்ன செய்கிறார்? கவிழ்த்துப் பார்க்கிறார். நாம் முகத்தைப் பார்க்கிறோம், அவர் அடியைப் பார்க்கிறார். பொய் சொல்ல நினைப்பவன் முகத்துக்குத்தான் அதிகம் மெனக்கெடுவான். அடிப்பாகம், முதுகு, இழுப்பறையின் உள்பக்கம், இவற்றில்தான் உண்மை ஒளிந்திருக்கும்.

மரச்சாமானில் இழுப்பறையை வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். பலகைகள் கோத்திருக்கும் பற்கள் கையால் வெட்டியிருந்தால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். எல்லாம் ஒரே அளவாக அச்சடித்த மாதிரி இருந்தால் இயந்திரம், அதாவது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்குப் பிறகு. பலகையின் முதுகில் ரம்பத்தின் தடம் நேர்க்கோடாக இருக்கிறதா, வில் போல வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வளைந்திருந்தால் வட்ட ரம்பம், அது பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். தலையில் நட்சத்திரப் பள்ளம் உள்ள பிலிப்ஸ் ஸ்குரூ 1930-களில் வந்தது. 1800-இல் செய்த மேசை என்று விற்றதில் அது இருந்தால், யாரோ பின்னால் பழுது பார்த்திருக்க வேண்டும், இல்லை கதையே பொய்யாக இருக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை வட்ட மேசைக்கு உரியது. மரம் நார் ஓடும் திசையில் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். அதனால் இருநூறு ஆண்டு பழைய வட்ட மேசை இப்போது சரியான வட்டமாக இருக்காது. இரண்டு பக்கம் டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியும்.

பீங்கானைக் கவிழ்த்தால் முத்திரை. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்ற விதி 1891-இல் நடைமுறைக்கு வந்தது. எனவே கீழே நாட்டின் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜப்பானியச் சாமான்களில் 1921 வரை "நிப்பான்" என்றும் அப்புறம் "ஜப்பான்" என்றும் போட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையின் ஆக்கிரமிப்பில் ஜப்பான் இருந்த காலத்தில் ஏற்றுமதியானவற்றில் "ஆக்குபைடு ஜப்பான்" என்ற முத்திரையைக் காணலாம். ஒரு சொல்லை வைத்தே எந்தக் காலகட்டம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கம் ஒன்று பொறித்திருக்கும், அது தரத்துக்கு. நங்கூரம் என்றால் பர்மிங்காமில் சோதித்தது, சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்தில் ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். இபிஎன்எஸ் என்று நான்கு எழுத்து மட்டும் இருந்தால் வெள்ளி முலாம்தான், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

ஓவியம், அச்சுப் படம் என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும், விலை அதிகமில்லை. படத்தில் புள்ளிகள் வலைபோல வரிசையாகத் தெரிந்தால் அது பத்திரிகை அச்சு போன்ற நகல். நம் வீட்டு ரவிவர்மா படங்களுக்கும் இது பொருந்தும். அவருடைய அச்சகம் பம்பாயில் 1894-இல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கல்லச்சில் நிறப்புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தெளித்தாற்போல இருக்கும். பழைய போட்டோவுக்கு இன்னும் எளிய சோதனை: கண்ணாடி போல முகம் தெரியும் வெள்ளித் தகட்டுப் படத்தில் காந்தம் ஒட்டாது, இரும்புத் தகட்டில் எடுத்ததில் ஒட்டும்.

என்ன கேட்பது

"எவ்வளவு?" என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். அதை எப்படியும் சொல்லத்தான் போகிறார். முதலில், எதை வைத்து இந்தக் காலம் என்று சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் நிபுணரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். பழுதுபார்த்த இடம் எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். இதே வகையில் நல்லது ஒன்று எப்படி இருக்கும், என்னுடையது எதில் குறைகிறது என்று கேளுங்கள். எப்படி வைத்துப் பாதுகாப்பது, துடைக்கலாமா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலை சொன்னதும், "இது எந்த விலை?" என்று ஒரு கேள்வி.

கடைசிக் கேள்வி முக்கியம். ஒரே பொருளுக்குக் குறைந்தது மூன்று விலை உண்டு. தொலைந்தால் அதே மாதிரி இன்னொன்றைக் கடையில் வாங்க ஆகும் தொகை காப்பீட்டுக்கு, அதுதான் உச்சம். ஏலத்தில் போகக்கூடியது என்று சொல்வது அதைவிடக் கீழே, அதிலும் விற்பவரிடமிருந்து ஏலக்கூடம் தன் கமிஷனைப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை இன்னும் கீழே, அவரும் விற்றுச் சம்பாதிக்க வேண்டும் அல்லவா. டிவியில் கேட்ட காப்பீட்டு விலையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

ஏல மதிப்பும் வெறும் ஊகம்தான். இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் பழைய கடையில் 400 பவுண்டுக்கு வாங்கிய ஓவியத்தைப் பிபிசி நிகழ்ச்சிக்குக் கொண்டுவந்தார். மேல்பூச்சை நீக்கிப் பார்த்ததில் பதினேழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஓவியர் வான் டைக் தீட்டியது என்று தெரிந்து, நான்கு லட்சம் பவுண்டு என்றார்கள். 2014-இல் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. அன்றைக்கு அது விற்கவில்லை. சீமோர் மேசை சொன்னதைவிட மேலே போனது, இது போகவே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் விலையை மாற்றும். அமெரிக்க நிகழ்ச்சியின் பழைய எபிசோடுகளை மறுபடி தொகுத்து, அன்று சொன்ன விலையையும் இன்றைய விலையையும் சேர்த்துத் திரையில் போடுகிறார்கள். பார்க்கத் தவறாதீர்கள். தொண்ணூறுகளில் கொடிகட்டிப் பறந்த பழுப்பு நிற மரச்சாமான்கள் எவ்வளவு சரிந்துவிட்டன என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். வீடுகள் மாறிவிட்டன, அவ்வளவு பெரிய பீரோவை வைக்க யாருக்கும் இடமில்லை.

நிபுணரும் தவறுவார்

ஸ்போகேன் நகரில் நடந்த ஒரு முகாமுக்குக் கோரமுகங்கள் பதித்த மண்ஜாடி ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் 300 டாலருக்கு வாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி, முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் டாலர் என்றார் அனுபவமிக்க நிபுணர். 2016-இல் ஒளிபரப்பானதும் ஒரு தகவல் வந்தது: 1970-களில் ஆரிகன் மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவி மண்பாண்ட வகுப்பில் செய்தது அது. நிகழ்ச்சிக்காரர்கள் மறைக்கவில்லை, மதிப்பைக் குறைத்துத் திருத்தம் வெளியிட்டார்கள். அப்போதும் மூவாயிரம் முதல் ஐயாயிரம் டாலர் என்றார்கள்! அந்த மாணவிக்குக் கைத்திறன் இருந்திருக்கிறது.

இன்னொன்று சிரிக்காமல் சொல்ல முடியாதது. 2016-இல் கார்ன்வாலில் மண்ணுக்கடியில் கிடைத்த ஒரு பழைய பாட்டிலை பிபிசியின் கண்ணாடி நிபுணர் ஆண்டி மெக்கானலிடம் காட்டினார்கள். உள்ளே இருந்ததைப் பழைய போர்ட் வைன் என்று நினைத்துக் கொஞ்சம் ருசி பார்த்தார். ஆய்வகத்தில் சோதித்தபோது உள்ளே இருந்தது சிறுநீர், பித்தளை ஊசிகள், மனித முடி. சூனியத்தை விரட்ட வீட்டில் புதைத்து வைக்கும் பாட்டில். நேரில் போகிறவர்கள் எதையும் நக்கிப் பார்க்க வேண்டாம்.

இவை நேர்மையான தவறுகள். நேர்மையற்றதும் ஒருமுறை நடந்தது. அமெரிக்க நிகழ்ச்சியில் 1997-இல் ஒளிபரப்பான ஒரு வாள் பற்றிய பகுதி முன்கூட்டியே பேசிவைத்து நடித்தது என்று 2000-இல் வெளிவந்து, சம்பந்தப்பட்ட நிபுணர்களோடு இருந்த உறவை நிலையம் முறித்துக்கொண்டது. ஆக, கொஞ்சம் பெரிய தொகை என்று தெரிந்தால், இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

கேமராவுக்குத் தேர்ந்தெடுத்தால்

அறிகுறி எளிது: பேசிக்கொண்டிருந்த நிபுணர் சட்டென்று வாயை மூடிக்கொள்வார். தயாரிப்பாளரைக் கூப்பிட்டுத் தனியே பேசுவார். ஒப்புக்கொண்டால் உங்களை ஓர் அறையில் உட்காரவைப்பார்கள், படிவத்தில் கையெழுத்து, முகத்துக்குக் கொஞ்சம் பவுடர். பொருளைப் பற்றிக் கேமரா ஓடும்வரை உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். திரையில் தெரியும் ஆச்சரியம் நிஜம்தான். அமெரிக்க நிகழ்ச்சியில் கொண்டுவந்தவரின் பெயரைச் சொல்வதில்லை என்பதால் அந்தப் பயம் வேண்டாம். உங்களிடம் கேட்டால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தேர்வாகாதவர்களுக்கு வெளியே போகும் வழியில் ஒரு சின்னக் கேமரா சாவடி உண்டு. இன்று என்ன கேட்டேன், என்ன தெரிந்துகொண்டேன் என்று யாரும் சொல்லலாம். நிகழ்ச்சி முடிவில் ஓடும் சில நொடிகளில் உங்கள் முகமும் வரலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே, ஞாபகம் மங்குமுன், கேட்டதை எழுதி பொருளின் போட்டோவோடு சேர்த்து வையுங்கள். அங்கே கிடைத்தது வாய்ச்சொல். காப்பீட்டு நிறுவனமோ வருமான வரித் துறையோ அதை ஏற்காது. அமெரிக்காவில் ஐயாயிரம் டாலருக்கு மேற்பட்ட பொருளை அறக்கொடையாகக் கொடுத்து வரிச்சலுகை கேட்டால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் எழுத்து மதிப்பீடு வேண்டும். அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் அப்ரைசர்ஸ் போன்ற சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் ஆளைத் தேடலாம். மணிக்கணக்கிலோ ஒரே தொகையாகவோ கட்டணம் கேட்பவரிடம் போங்கள். பொருளின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரை விட்டு விலகுங்கள், மதிப்பை ஏற்றிச் சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. மதிப்பிட்ட கையோடு "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்பவரிடம் இறக்கிச் சொல்லக் காரணம் இருக்கிறது.

கோடையில் எடுத்தது ஒளிபரப்பாவது பெரும்பாலும் அடுத்த ஆண்டு ஜனவரிக்குப் பிறகு. உங்கள் பகுதி வருகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே எழுத்து மதிப்பீட்டை வாங்கிக் காப்பீட்டில் அந்தப் பொருளைத் தனியாகச் சேர்த்துவிடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் இப்படிப்பட்டவற்றுக்கு உச்சவரம்பு குறைவாகவே இருக்கும்.